பதில் சொன்னது யார்? – தரையில் மோதிக்கொண்ட விமானங்களின் கதை



தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆகாய விமானம் என்றால் தனி ஆசை. திடலில் பந்து விளையாடிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் போனால், பந்தை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அது ரப்பர் மரங்களுக்கு அப்பால் மறையும் வரை ஒருவரும் அசையமாட்டார்கள். அப்படி நின்ற ஒரு சிறுமி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, ஆகாயத்திலே ரோடும் இல்லை, சமிக்ஞை விளக்கும் இல்லை. ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளாதா?" என்றாள். ஆகாயம் பெரிது, ஒவ்வொரு விமானமும் ஒவ்வோர் உயரத்தில் பறக்கிறது, ஆகவே பயமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் கேட்டதைச் சற்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஆகாயத்தில் மேலே, கீழே, வலம், இடம் என்று நான்கு பக்கமும் இடம் இருக்கிறது. தரையில் அந்த வசதி இல்லை. எல்லா விமானங்களும் ஒரே மட்டத்தில், ஒரே சிமெண்டுப் பாதையில் வந்து சேர வேண்டும். உலக விமான வரலாற்றிலேயே மிக அதிகமான உயிர்களைப் பலிகொண்ட விபத்து எங்கே நடந்தது தெரியுமா? வானத்தில் அல்ல, தரையில்தான். 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் தேதி, ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான தெனெரிஃப் தீவில், மூடுபனிக்கு நடுவே, இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அந்த விபத்தைப் பலரும் அறிவார்கள். இன்று நான் உங்களிடம் சொல்லப்போவது அதைவிடச் சிறிய ஒரு விபத்து. இரண்டு சிறிய விமானங்கள். பனி இல்லை, மழை இல்லை, இயந்திரக் கோளாறும் இல்லை. கவனம் மட்டும் ஒரு நிமிட நேரம் அங்கே இல்லாமல் போயிற்று. அதைச் சொல்வதற்கு முன்னால், தரையில் விமானங்கள் எப்படி நடமாடக் கற்றுக்கொண்டன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

விமானங்கள் புதிதாக வந்த நாளில் விமான நிலையம் என்பது வெறும் புல்வெளிதான். ஓடுபாதை என்று ஒன்று கிடையாது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று காட்ட ஒரு துணிக் குழாயைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். விமானி அதைப் பார்த்துவிட்டு, காற்றுக்கு எதிர்முகமாக விமானத்தைத் திருப்பி ஓட்டிக் கிளப்புவார். எதிர்க்காற்று இறக்கையைத் தூக்கிக்கொடுக்கும் என்பதால் இப்படி. ஆனால் அந்தக் கால விமானங்களில் பலவற்றுக்குச் சின்னச் சக்கரம் வாலில் இருந்தது. தரையில் நிற்கும்போது மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் விமானிக்கு முன்னால் இருப்பது எதுவுமே தெரியாது! ஆகவே பாம்பு நெளிவதுபோல் இப்படியும் அப்படியும் வளைந்து வளைந்து ஓட்டி, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே போவார்கள். இரண்டாம் உலகப் போரின்போது சில போர் விமானங்களின் மூக்கு மிகவும் நீளமாக இருந்ததால், தரைப் பணியாளர் ஒருவர் இறக்கையின் மேல் உட்கார்ந்துகொண்டு, கையைக் காட்டி விமானிக்கு வழி சொன்னதும் உண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தரையில் முட்டிக்கொள்ளும் ஆபத்தை விமானிகள் ஆதி நாளிலேயே அறிந்திருந்தார்கள். அதைத் தடுப்பதற்கு அவர்களிடம் இருந்தவை இரண்டே: ஒன்று கண், மற்றொன்று அடுத்தவனுடைய கை.

1929ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர விமான நிலையத்தில் ஆர்ச்சி லீக் என்பவரை வேலைக்கு அமர்த்தினார்கள். அந்நாட்டின் முதல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்று அவரைச் சொல்வது வழக்கம். கோபுரமும் இல்லை, கருவியும் இல்லை. ஒரு தள்ளுவண்டியில் நாற்காலி, வெயிலுக்கு ஒரு பெரிய குடை, இரண்டு கொடிகள் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு காலையில் மைதானத்துக்குப் போவார். கட்டம்போட்ட கொடியைக் காட்டினால் விமானம் போகலாம், சிவப்புக் கொடியைக் காட்டினால் நிற்க வேண்டும். அவ்வளவுதான். பெரிட்டுக் களத்துக்கு யாரோ ஒருவர் குடையும் நாற்காலியுமாக வந்தால் நாம் சிரிப்போம். அன்று அந்த மனிதரை நம்பித்தான் விமானங்கள் எழும்பின.

பிறகு வானொலி வந்தது, கோபுரங்கள் வந்தன. புல்வெளிக்குப் பதில் சிமெண்டு ஓடுபாதைகள் போடப்பட்டன. ஓடுபாதையை நினைத்த திசையில் திருப்ப முடியாது அல்லவா? காற்றோ தினமும் திசை மாறுகிறது. ஆகவே ஒன்றுக்கொன்று குறுக்கே இரண்டு, மூன்று ஓடுபாதைகள் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அந்த எண் திசைகாட்டியிலிருந்து எடுத்தது. 130 பாகை நோக்கிப் போகும் பாதைக்கு 13 என்று பெயர். 40 பாகை நோக்கிப் போகும் பாதைக்கு 4 என்று பெயர். இந்த இரண்டு எண்களையும் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 130க்கும் 40க்கும் நடுவே 90 பாகை. அதாவது அவை இரண்டும் கூட்டல் குறிபோல் ஒன்றையொன்று வெட்டும்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். விமான நிலையம் என்றாலே உயரமான கட்டுப்பாட்டுக் கோபுரம் நம் மனக்கண்ணில் வந்து நிற்கிறது. அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000 இருக்கின்றன. கோபுரம் இருப்பவை சுமார் 500தான். மற்ற இடங்களில் 'நீ போ, நீ நில்' என்று சொல்ல ஆள் கிடையாது. அங்கே வருகிற விமானிகள் எல்லாரும் ஒரே வானொலி அலைவரிசையைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். 'நான் இத்தனை மைல் தொலைவில் வருகிறேன்', 'நான் இந்த ஓடுபாதையில் இறங்கப்போகிறேன்', 'நான் கிளம்பப்போகிறேன்' என்று ஒவ்வொருவரும் தாமாகவே அறிவிப்பார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். கேட்டதோடு நிற்காமல் கண்ணாலும் பார்க்க வேண்டும். பார், விலகு என்பதுதான் சட்டம்.

நாணயமான ஏற்பாடுதான். லாரி ஓட்டுபவர் தோட்டத்துச் செம்மண் சாலையின் முடுக்கில் ஒலிப்பானை அழுத்துவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்துபவர் அழுத்த வேண்டும், எதிரே வருபவர் காது கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பயனில்லை. வானொலியில் இன்னொரு குறையும் உண்டு. ஒரே நேரத்தில் இருவர் பொத்தானை அழுத்திப் பேசினால் இருவர் பேச்சும் கேட்காது, 'கீ' என்ற ஓசைதான் வரும். தெனெரிஃபில் நடந்தது அதுதான். ஒரு ஜம்போ இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறது என்ற செய்தியும், கோபுரத்திலிருந்து பொறுத்திருக்கச் சொன்ன செய்தியும் ஒன்றோடொன்று மோதின. கிளம்பிக்கொண்டிருந்த விமானத்துக்குள் கேட்டது வெறும் கீச்சொலி.

இனி நம் கதைக்கு வருவோம்.

இல்லினாய்ஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், குவின்சி என்று ஓர் ஊர். கொடி காட்டிய ஆர்ச்சி லீக்கின் செயின்ட் லூயிஸ், அதே ஆற்றில் தெற்கே இருக்கிறது. குவின்சியின் விமான நிலையம் ஊரை விட்டுத் தள்ளி, வயல்களுக்கு நடுவே அமைந்தது. கோபுரம் கிடையாது. 1996ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி, மாலை 5 மணி. பொழுது சாய்ந்து அந்தி இருட்டத் தொடங்கிய வேளை.

அந்த நேரத்தில் மூன்று விமானங்கள் அங்கே இருந்தன. முதலாவது, சிக்காகோவிலிருந்து புறப்பட்டு, வழியில் பர்லிங்டன் என்ற ஊரில் இறங்கி, குவின்சிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் விமானம். பீச் 1900 என்ற வகை. 19 பேர் உட்காரலாம். அன்று பயணிகள் 10 பேர், விமானிகள் 2 பேர். இரண்டாவது, கிங் ஏர் என்ற தனியார் சிறு விமானம். அதில் இருவர். இருவருக்குமே விமானம் ஓட்டத் தெரியும். அவர்களில் ஒருவர் பெரிய பயணிகள் விமானங்களை நெடுங்காலம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அனுபவத்தில் அன்று அங்கிருந்த யாரும் அவருக்கு ஈடில்லை. மூன்றாவது, செரோக்கி என்ற மிகச் சிறிய விமானம். அதை ஓட்டியவர் அனுபவம் குறைந்தவர். கிங் ஏருக்குப் பின்னால் வரிசையில் காத்திருந்தார்.

பயணிகள் விமானத்தின் விமானிகள் 13ஆம் எண் ஓடுபாதையில் இறங்க முடிவு செய்தார்கள். தொலைவில் வரும்போதே அதை வானொலியில் அறிவித்தார்கள். நெருங்க நெருங்கத் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். கிங் ஏரிலிருந்தும் ஓர் அறிவிப்பு வந்தது. 4ஆம் எண் ஓடுபாதைக்குள் நுழைந்து கிளம்பப்போவதாகச் சொன்னது ஒரு பெண் குரல். பிறகு கிங் ஏர் ஓடுபாதையில் ஏறி அங்கேயே நின்றது. ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் அசையாமல் நின்றது.

இறங்கி வருபவர்களுக்கு அது கவலையாக இருந்தது. நியாயம்தானே? குறுக்குப் பாதையில் ஒரு விமானம் நிற்கிறது. அது நிற்குமா, கிளம்புமா? சட்டப்படி அறிவிப்புச் செய்துவிட்டோம் என்று அவர்கள் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வாய் திறந்து நேரடியாகவே கேட்டார்கள்: 4ஆம் எண் பாதையில் நிற்கும் விமானம் அங்கேயே நிற்கப்போகிறதா, அல்லது புறப்படப்போகிறதா?

நேயர்களே, இந்தக் கேள்விக்குக் கிங் ஏர் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னவர் பின்னால் காத்திருந்த செரோக்கி விமானி. தம்முடைய விமானத்தின் எண்ணைச் சொல்லி, 4ஆம் எண் பாதையில் புறப்படுவதற்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். கேள்வி தம்மை நோக்கி வந்தது என்று நினைத்தாரோ, யாரும் பேசவில்லையே, நாமாவது சொல்வோம் என்று நினைத்தாரோ! அவர் பேச்சில் 'கிங் ஏர்' என்ற சொல்லும் வந்தது. அதே நொடியில் பயணிகள் விமானத்துக்குள் இருந்த ஒரு கருவி, உயரம் இருநூறு அடி என்று தானாகவே குரல் கொடுத்தது. அந்த இயந்திரக் குரல் குறுக்கிட்டதில் வானொலியில் வந்த பேச்சு துண்டாகிப்போயிற்று.

இறங்குபவர்கள் காதில் விழுந்ததெல்லாம், யாரோ ஒருவர் 4ஆம் எண் பாதையில் காத்திருப்பதாகச் சொன்னதுதான். ஓடுபாதையில் நிற்கும் கிங் ஏர்தான் பதில் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். குறுக்குச் சந்திப்பைச் சீக்கிரம் கடந்துவிடுகிறோம் என்று நன்றியும் சொன்னார்கள். அந்த நன்றியையாவது கிங் ஏரில் இருந்தவர்கள் கேட்டார்களா?

முன்பு கிங் ஏரிலிருந்து பேசியது பெண் குரல். இப்போது பதில் சொன்னது ஆண் குரல். குரல் மாறியிருப்பது அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா என்று நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு கேட்கலாம். இருநூறு அடி உயரத்தில், அந்தி வெளிச்சத்தில், வேகத்தையும் பாதையையும் பார்த்து இறக்கிக்கொண்டிருக்கிறவர்களுக்கு அதைக் கணக்குப் பார்க்க எத்தனை நொடி இருந்திருக்கும்?

நம் பெரிட்டை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை இருட்டில் கிராணியார் பெயர் வாசிக்கிறார். ஒருவர் பெயரைக் கூப்பிட, அவர் கவனிக்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் இருக்கும் வேறொருவர், "இருக்கிறேன் ஐயா" என்று தம்மைப் பற்றிச் சொல்கிறார். கிராணியார் முதல் ஆளின் பெயருக்கு நேரே கோடு போட்டுவிடுகிறார். யாரும் பொய் சொல்லவில்லை. பெரிட்டில் இப்படி நேர்ந்தால் ஒரு நாள் பேரில் குழப்பம் வரும், மறுநாள் திருத்திக்கொள்ளலாம்.

கிங் ஏர் புறப்பட்டது. புறப்படுகிறேன் என்று அறிவிக்காமலே ஓடத் தொடங்கியது. பயணிகள் விமானம் 13ஆம் எண் பாதையில் தரையைத் தொட்டு ஓடி வந்தது. இரண்டு பக்கத்தாரும் கடைசியில்தான் பார்த்துக்கொண்டார்கள். பிரேக் பிடித்து இழுத்த தடங்கள் பாதையில் கிடந்தன. ஓடுபாதைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டும் மோதி, ஒன்றோடு ஒன்று சிக்கி, பாதை ஓரத்துக்குச் சறுக்கிப் போய்த் தீப்பிடித்தன.

இனி வருவதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். பயணிகள் விமானத்தில் இருந்த 12 பேரில் ஒருவர்கூட மோதிய அடியில் இறக்கவில்லை. விமான நிலையத்தில் இருந்த மூன்று பேர் ஓடோடிச் சென்றார்கள். விமானத் தலைவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, கதவைத் திறக்கும்படி அவர்களிடம் சொன்னார். கதவு வெளியேதான் இருந்தது, கைப்பிடியும் கைக்கு எட்டியது. இழுத்தார்கள், திருப்பினார்கள். திறக்கவில்லை. மோதிய அதிர்ச்சியில் கதவுச் சட்டம் நெளிந்து, உள்ளே இருந்த கம்பி தளர்ந்துபோயிருக்க வேண்டும் என்று பின்னால் கருதினார்கள். புகையும் நெருப்பும் அவர்களை விரட்டிவிட்டன. தீயணைக்கும் வண்டியோ ஊரிலிருந்து வர வேண்டும். சிறிய பயணிகள் விமானங்கள் மட்டும் வந்துபோகும் நிலையங்களில் தீயணைப்பு வீரர்களைத் தயாராக நிறுத்திவைக்க வேண்டும் என்று அன்றைய சட்டம் கேட்கவில்லை. பயணிகள் விமானத்தில் 12 பேர், கிங் ஏரில் 2 பேர், ஆக 14 பேரும் மாண்டார்கள். செரோக்கியில் இருந்தவர்களுக்கு ஆபத்தில்லை.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நடந்ததை ஆராய்ந்து 1997ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. பயணிகள் விமானத்தில் பேச்சுப் பதிவுக் கருவி இருந்ததால் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று நொடிவாரியாகத் தெரிந்தது. கிங் ஏரில் இருந்தவர்கள் பொது அலைவரிசையைச் சரிவரக் கேட்கவில்லை, சுற்றிலும் சரிவரப் பார்க்கவில்லை என்பதே முதற் காரணம் என்று வாரியம் முடிவு செய்தது. செரோக்கியின் பேச்சு இடையில் துண்டானதையும், அதைப் பயணிகள் விமானத்தார் தவறாக எடுத்துக்கொண்டதையும் துணைக் காரணமாகச் சொன்னது. திறக்காத கதவும், போதாத தீயணைப்பு வசதியும் உயிர்ச்சேதத்தைக் கூட்டின என்றது.

அந்த ஒரு நிமிடம் கிங் ஏருக்குள் இருந்த இருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஒருவர் மற்றவருக்கு ஏதேனும் விளக்கிக்கொண்டிருந்தாரா? கருவிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்களா? சொல்ல இருவரும் உயிருடன் இல்லை. அவர்கள் மனம் விமானத்துக்குள்ளே இருந்தது, ஓடுபாதையில் இல்லை என்பது மட்டும் நிச்சயம். பல்லாயிரம் மணி நேரம் பறந்தவருக்கே இந்த நிலை. இதைச் சிலர் வியப்பார்கள். எனக்கு வியப்பில்லை. புதிதாகக் கத்தி பிடிக்கிறவன் மரத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டுகிறான். இருபது ஆண்டு வெட்டியவருக்குக் கை தானாகவே வேலை செய்கிறது. மனம் வேறெங்கோ போய்வர நேரமும் கிடைக்கிறது.

செரோக்கி விமானியைப் பலர் குறை சொன்னார்கள். என் மனம் அதை முழுதாக ஒப்பவில்லை. கேள்வி கேட்கப்பட்டபோது அந்த இடத்தில் வாயைத் திறந்தவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னது உண்மையும்கூட. பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் பேசாமல் இருந்ததால்தான் அவர் பேச்சு அவர்களுடைய பதிலாக மாறிப்போயிற்று.

விமானிகளின் கவனம் சிதறுவதைத் தடுக்க அப்போது சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதற்கும் ஒரு கதை உண்டு. 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி அமெரிக்காவில் ஷார்லட் நகருக்கு அருகே ஈஸ்டர்ன் நிறுவன விமானம் ஒன்று, இறங்கும்போது ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் விழுந்து நொறுங்கியது. 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பேச்சுப் பதிவுக் கருவியைக் கேட்டால், இறங்கும் நேரத்தில் விமானிகள் அரசியலையும் பழைய கார்களையும் பற்றிப் பேசிக்கொண்டு வந்திருந்தார்கள். இதுபோன்ற விபத்துகளின் விளைவாக 1981ஆம் ஆண்டில் ஒரு விதி வந்தது. தரையில் ஓடும்போதும், கிளம்பும்போதும், இறங்கும்போதும், பத்தாயிரம் அடிக்குக் கீழே பறக்கும்போதும், விமானம் ஓட்டுவதற்குத் தேவையில்லாத பேச்சோ வேலையோ விமானிகளின் அறையில் கூடாது. பணிப்பெண்கூட அவசியமின்றி உள்ளே அழைத்துப் பேசக் கூடாது.

நல்ல விதிதான். ஆனால் அது கூலிக்குப் பயணிகளை ஏற்றும் நிறுவனங்களுக்கு மட்டுமே போட்ட விதி. குவின்சியில் இறங்கிய பீச் விமானத்துக்கு அது பொருந்தும். குறுக்கே நின்ற தனியார் கிங் ஏருக்குப் பொருந்தாது. இருவரும் ஓடுவது ஒரே சிமெண்டுத் தரையில். ஒருவருக்குக் கட்டுப்பாடு, மற்றவருக்கு அவரவர் பொறுப்பு. சட்டம் பயணிகளின் விமானத்துக்கு வேலி கட்டியது. அந்த விமானம் சந்திக்கப்போகிற அடுத்த விமானத்தை வேலிக்கு வெளியே விட்டுவிட்டது.

கோபுரம் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? அதுவும் உறுதியில்லை. குவின்சிக்கு ஐந்து ஆண்டு முன்னால், 1991ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே பெரிய கோபுரம் உண்டு. இரவு நேரத்தில் கட்டுப்பாட்டாளர் ஒரு சிறிய விமானத்தை ஓடுபாதையின் நடுவே நிறுத்திக் காத்திருக்கச் சொன்னார். அதற்குள் வேறொரு சிறு விமானம் தவறுதலாக அலைவரிசை மாறிப்போய்ப் பதில் தராமல் இருந்தது. அதைத் தேடுவதிலும், காணாமற்போன ஒரு குறிப்புச் சீட்டைத் தேடுவதிலும் அவர் கவனம் போயிற்று. ஓடுபாதையில் நிறுத்தி வைத்ததை மறந்தார். அதே பாதையில் ஒரு பெரிய போயிங் விமானத்தை இறங்கச் சொல்லிவிட்டார். சிறிய விமானத்தின் வால் விளக்கு, ஓடுபாதை விளக்குகளுக்கு நடுவே ஒன்றாகக் கலந்து, இறங்குபவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சிறிய விமானத்தில் இருந்த 12 பேரும் இறந்தனர். இரண்டிலுமாக 35 உயிர்கள்.

ஜப்பானில் 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி நடந்ததைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்பீர்கள். நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிப் பொருள் கொண்டுபோகப் புறப்பட்ட கடலோரக் காவற்படையின் விமானம், தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் ஓடுபாதைக்குள் வந்து நின்றது. இறங்கி வந்த பெரிய பயணிகள் விமானம் அதன்மேல் மோதியது. காவற்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். தீப்பிடித்த பெரிய விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். அங்கே கதவுகள் திறந்தன. எரியும் விமானத்தில் எட்டுக் கதவில் மூன்றுதான் பயன்பட்டது என்றாலும் அந்த மூன்றும் போதுமானதாக இருந்தது. குவின்சியில் அந்த ஒரு கதவு திறந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

குவின்சிக்குப் பிறகு அமெரிக்காவில் சில மாற்றங்கள் வந்தன. சிறிய பயணிகள் விமானங்கள் வந்துபோகும் நிலையங்களிலும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் தீயணைப்பு ஏற்பாடும் இருக்க வேண்டும் என்ற விதி, எட்டு ஆண்டு கழித்து, 2004ஆம் ஆண்டில்தான் வந்தது. கோபுரம் உள்ள இடங்களில், குறுக்கே வரும் ஒவ்வோர் ஓடுபாதையையும் கடப்பதற்குத் தனித்தனியே அனுமதி பெற வேண்டும் என்று 2010ஆம் ஆண்டில் விதித்தார்கள். 2014ஆம் ஆண்டில், பயணிகள் விமான நிறுவனங்களின் விமானிகள் பணி நேரத்தில் கைத்தொலைபேசியையோ கணினியையோ சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை வந்தது. அதுவும் தனியார் விமானங்களுக்கு அல்ல.

கோபுரமில்லாத நிலையங்களில் இன்றும் அதே ஒரே அலைவரிசைதான். பயிற்சி பெறுகிற இளம் விமானிகளுக்கு ஆசிரியர்கள் குவின்சிக் கதையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பதில் வந்தால் மட்டும் போதாது, எந்த விமானத்திலிருந்து வந்தது என்று கேள். எண் காதில் விழவில்லை என்றால் மறுபடியும் கேள். அப்போதும் ஐயம் தீரவில்லை என்றால் இறங்காமல் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி வா. எரிபொருள் சிறிது செலவாகும், ஐந்து நிமிடம் தாமதமாகும்.

அந்தச் சிறுமியை அடுத்த முறை பார்க்கும்போது முன்பு சொன்ன பதிலைத் திருத்திச் சொல்ல வேண்டும். இனி விமானத்தில் ஏறினால், அது தரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் முன்னால் பூட்டிய அறைக்குள் இருவர் ஊர்க்கதை எதுவும் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். கேட்டால், இந்தக் கதையை அவளுக்கும் சொல்வேன்.